பால் கொதிப்பதைப் பார்க்க ஒன்பதாயிரம் ரூபாய்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் முடிந்தால் மூச்சு விடலாம் என்று எல்லா வங்கிக்காரனும் நினைப்பான். ஏப்ரலில் ஆடிட்டர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்தக் கதை இன்னொரு நாள்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து மச்சினர் போன் செய்தார். ஜூன் லீவுக்குக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறாராம்.

"அத்தான், நீங்க ஏற்கெனவே போய்ட்டு வந்தீங்கல்ல. சாக்லேட், சீஸ்னு ஒரு நாள் டூர் போட்டிருக்கான். தலைக்கு நூறு பிராங்குக்கு மேல ஆகுது. போகலாமா?"

"தாராளமா போய்ட்டு வாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "டிசம்பர்ல ஊருக்கு வர்றப்போ பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிட்டுப் போய்ப் பால்கோவா கிண்டுறதையும் காட்டுங்க" என்றேன்.

"அங்க என்ன அத்தான் இருக்கு பார்க்க?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு என் பதில். கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். மச்சினர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். :-)

முதலில் அந்த டூரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் நான், தங்கமணி, ஒன்பதாவது போகவிருந்த மகள், மூவரும் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டத்தோடு போனோம். ஜெனிவா ஏரிக்கரையில் மோன்த்ரோ என்ற ஊரில் தங்கல். அங்கிருந்து ஒரு நாள் காலையில் மலைமேல் ஏறி, க்ரூயேர் ஸ்டேஷனுக்கு எதிரே பிரிஞ்ஜி கிராமத்தில் இருக்கும் சீஸ் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள்.

உள்ளே போனதும் காதில் ஒரு கருவி. அதில் ஒரு பசுமாடு பேசுகிறது. அதன் பெயர் செரீஸ். தான் என்ன புல் மேய்கிறேன் என்று அதுவே கதை சொல்கிறது. மேலே நடைபாதை, கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்குக் கீழே பெரிய பெரிய செப்பு அண்டாக்கள். ஒவ்வொன்றும் 4,800 லிட்டர் பிடிக்கும். உறை ஊற்றி, கட்டியான பாலைக் கம்பியால் கோதுமை மணி அளவுக்கு வெட்டி, 57 டிகிரி வரை சூடாக்கி, அச்சில் இறக்கி அழுத்துகிறார்கள். சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 400 லிட்டர் பால். அப்புறம் உப்புநீரில் ஒரு நாள், நிலவறையில் குறைந்தது 5 மாதம்.

எங்கள் கூட்டம் வாயைப் பிளந்து நின்றது, நானும்தான். கையில் மூன்று துண்டு சீஸ் கொடுத்தார்கள், மூன்றும் வெவ்வேறு வயது. கூட்டத்தில் பாதிப்பேர் சுத்த சைவம். ரொட்டியில் முட்டை இருக்கிறதா என்று காலையில் ஹோட்டல்காரரைக் குடைந்தெடுத்தவர்கள், இங்கே மூன்று துண்டையும் விழுங்கினார்கள். க்ரூயேரின் உறையே கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. வழிகாட்டியும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் கொடுத்தால் நமக்குக் கேள்வி வராது. இதை ஒரு பக்கம் குறித்து வையுங்கள், பிறகு வருகிறேன்.

மதியம் ப்ரோக் என்ற ஊரில் கையே சாக்லேட் ஆலை. 1819-ல் பிரான்சுவா லூயி கையே தொடங்கிய நிறுவனம். ப்ரோக் ஆலையை அவருடைய பேரன் 1898-ல் கட்டினார். கையேவின் மருமகன் தானியேல் பேத்தேதான் 1875 வாக்கில் வெவே ஊரில் சாக்லேட்டோடு பாலைச் சேர்த்துப் பால் சாக்லேட் செய்தவர். 1879-ல் பெர்ன் நகரில் ரொடோல்ஃப் லிண்ட், சாக்லேட்டை மணிக்கணக்கில் அரைத்து வழுவழுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1929-லிருந்து கையே நெஸ்லேயின் கையில். இருட்டறை, ஒளி, சத்தம், ஆஸ்டெக் மன்னர் என்று ஒரு நாடகம் நடத்தி, கடைசியில் ஒரு அறையில் கொண்டுபோய் விடுகிறார்கள். தட்டுத் தட்டாகச் சாக்லேட், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். எங்கள் கூட்டம் அங்கே நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று தங்கமணி உத்தரவு.

அன்றைய கணக்கு தலைக்கு நூறு பிராங்குக்கு மேல். அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். மூன்று பேருக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்கு அவர்கள் எதை விற்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சீஸ் துண்டு மூன்று, அதன் விலை ஒரு பிராங்கு தேறுமா? மலையும் புல்லும் இலவசம். அவர்கள் விற்பது, பி.காம். வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த குட்வில். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் ஐந்தொகையில் மதிப்பு உண்டு. அந்தச் சொத்தை அவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

க்ரூயேர் என்ற பெயருக்கு 2001-ல் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். விதிகள் கறார். மாடு புல்லும் வைக்கோலும்தான் தின்ன வேண்டும், புளிக்கவைத்த தீவனம் கூடாது. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கக் கூடாது. பண்ணைக்கும் ஆலைக்கும் 20 கிலோமீட்டருக்கு மேல் தூரம் கூடாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண் உண்டு, எந்த ஆலையில் எந்த நாளில் செய்தது என்று பின்னாலேயே போய்ப் பிடிக்கலாம். சுவை, மணம், தோற்றத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள், தேறாத சக்கரத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. பால்காரர், சீஸ் செய்பவர், முதிரவைத்து விற்பவர் மூன்று தரப்பும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு செய்வது என்று முடிவு செய்கிறார்கள்.

அவர்கள் எல்லா இடத்திலும் ஜெயிக்கவும் இல்லை. அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2023-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அங்கே எவரும் எங்கே செய்ததற்கும் க்ரூயேர் என்று பெயர் வைக்கலாம். ஆனாலும் சொந்த ஊரில் ஒரு அங்குலம் விடவில்லை. 2017-லிருந்து 'சுவிஸ்' என்று போட்டுக்கொள்ள ஒரு சட்டம் இருக்கிறது. பால் பொருளென்றால் பால் நூற்றுக்கு நூறு சுவிஸ் பாலாக இருக்க வேண்டும். டோப்லரோன் கம்பெனி உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்கு மாற்றியதால் 2023-ல் அட்டைப்பெட்டியிலிருந்து மாட்டர்ஹார்ன் மலைப் படத்தையே எடுக்க வேண்டி வந்தது. விமான நிலையத்தில் நாம் அள்ளிக்கொண்டு வருவோமே, அதே முக்கோணப் பெட்டிதான்.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் விளையாத பொருளுக்கு இந்தக் கணக்கில் விலக்கு உண்டு. கோகோ அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. ஆக, சாக்லேட்டின் உயிரான பொருள் எங்கிருந்து வந்தாலும் அது சுவிஸ் சாக்லேட். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தருகின்றன. அந்த இரண்டு நாட்டுக் கோகோத் தோட்டங்களிலும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக நடத்திய ஆய்வு 2020-ல் சொன்னது. குழந்தைத் தொழிலாளரை ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் கையெழுத்துப் போட்டது 2001-ல். கடைசி அறையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து படித்த பிறகுதான் தொண்டையில் நின்றது.

அதனால் 'அவர்களைப் பார், நம்மைப் பார்' என்று புலம்பும் பதிவல்ல இது. அவர்களுக்கும் அழுக்கு உண்டு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது நம் கணக்கை.

எனக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர். சித்தப்பா ஒருவர் அங்கே பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை பார்த்தார். அகலமான இரும்புச் சட்டி, கீழே விறகு, நீளக் கரண்டி. பால் கொதித்துச் சுண்டும்வரை கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடிக்கும். சர்க்கரை எப்போது போடுவது, எப்போது இறக்குவது எல்லாம் கண்ணாலும் மணத்தாலும்தான். பள்ளிக்கூடத்தில் சித்தப்பா என்ன வேலை என்று கேட்டால் 'பிசினஸ்' என்பேன். பால் கிண்டுகிறார் என்று சொல்ல வெட்கம். அதே வேலையை வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் செப்பு அண்டாவில் செய்ததற்கு 2024-ல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

2016-ல் ஒரு தென்மாவட்டக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு பால்கோவாக்காரர் வந்தார். அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். முத்ராவில் 7 லட்சம் கேட்டார். புது அடுப்பு, புகைபோக்கி, தரைக்கு டைல்ஸ், அதெல்லாம் சரி. பட்டியலில் கடைசியாக ஒன்று: அடுப்படிக்கும் கடைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு, முன்னால் இரண்டு பெஞ்ச்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"கோயிலுக்கு வர்ற ஆளுக பார்க்கட்டும் சார். நாங்க என்ன போடுறோம், எப்படிக் கிண்டுறோம்னு தெரிஞ்சா, பெயரைப் போட்டு விக்கிற டூப்ளிகேட்டை வாங்க மாட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். "பால் கொதிக்கிறதை யார் அண்ணாச்சி உக்காந்து பார்ப்பா?" என்றேன். கண்ணாடிக்கான தொகையை வெட்டி, இதில் வருமானம் மதிப்பிட இயலாது என்று குறிப்பு எழுதினேன். மீதிக்கும் அடமானம், ஜாமீன் என்று அலையவிட்டோம். முத்ராவில் அடமானம் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்று முறை வந்தார். நான்காவது முறை வரவில்லை.

எட்டு வருஷம் கழித்து, அதே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்து நின்றிருக்கிறேன். வருமானம் மதிப்பிட இயலாதாம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல். அந்தப் பதிவு அலுவலகமே சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1999-ம் வருஷச் சட்டத்தில் பெயரைத் திருடி விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. சட்டத்தில் குறைச்சலே இல்லை. நான்குவழிச் சாலையில் எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் 'ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' தொங்குகிறது. எங்கே செய்தது, எந்தத் தேதியில் செய்தது, எவர் கேட்டோம்? சீஸ் சக்கரத்தின் எண்ணைக் குனிந்து போட்டோ எடுத்த நாம்தானே?

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"சுத்தம் இருக்காது சார்." சில இடங்களில் இருக்காதுதான். அதற்குத்தானே அந்த மனிதர் டைல்ஸும் புகைபோக்கியும் கண்ணாடியும் கேட்டார்? பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றால் எந்த அடுப்படியும் தானாகச் சுத்தமாகும். பார்க்க ஆள் வராமல் சுத்தம் வராது, சுத்தம் வராமல் ஆள் வர மாட்டேன் என்றால் எவர் முதல் அடி வைப்பது?

"சீஸ் வருஷக்கணக்கில் இருக்கும், பால்கோவா சில நாள்தானே?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மலைநாட்டுக்காரர் பனிக்காலத்துக்குப் பாலைச் சேமிக்க உறை ஊற்றி உப்புப் போட்டார். நம்மவர் நெருப்பில் நீரை ஓட்டினார். இரண்டும் பால் கெடாமல் காக்கிற புத்திதான். க்ரூயேர் சீஸ் பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, அதைச் சாப்பிட ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு பால்கோவா வேண்டுமானால் நாம்தான் அங்கே போக வேண்டும். பயணம் போகத் தகுந்த பண்டம் எது, சொல்லுங்கள்.

"நம்மூர்லயும் சாக்லேட் டூர் இருக்கே, ஊட்டியில?" இருக்கிறது. 'ஹோம்மேட்' என்று போர்டு வைத்த பல கடைகளில் நடப்பது, காம்பவுண்ட் என்ற கட்டியை உருக்கி முந்திரி தூவி அச்சில் ஊற்றுவது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே உருகும். காம்பவுண்ட் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும், வித்தியாசம் அதுதான். அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். உண்மையான கோகோவைப் பார்க்க வேண்டுமா? பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கோகோ மரம் நிற்கிறது. காய் கிளையின் நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். உடைத்தால் வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. ப்ரோக் ஆலையால் உங்கள் பிள்ளைக்கு மரத்தடியில் நிறுத்தி இதைக் காட்ட முடியாது. கர்நாடகத்திலும் கேரளத்திலும் பாக்கு விவசாயிகளுக்காக 1973-ல் தொடங்கிய காம்ப்கோ கூட்டுறவு, 1986-லிருந்து புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலை நடத்துகிறது. கோகோ விளைவிப்பவர்களே ஆலைக்கும் முதலாளிகள். இந்த விஷயத்தில் சுவிஸ்காரர்தான் நம்மிடம் வந்து பார்க்க வேண்டும்.

நான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஃப்ரேசர் டவுன் மசூதி ரோடு. அங்கே 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரியில் கோவா நான் பிரசித்தம். பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, மாவுக்குள் ஒளிந்திருக்கும். பத்து வருஷமாக வாங்கித் தின்கிறேன். உள்ளே அந்தக் கோவா எப்படித் தயாராகிறது என்று ஒரு நாள் கேட்டேனா என்றால் இல்லை. வெளியூரிலிருந்து வந்தவன் வீட்டுப் பக்கத்தையும் பார்க்கவில்லை, விட்டுவந்த ஊரையும் பார்க்கவில்லை. பறந்துபோய் மூன்றாவது ஊரை மட்டும் பார்த்தேன். இது என் ஒருவன் கதையா, உங்கள் வீட்டுக் கதையுமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். ஊருக்கு வரும்போது பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுவருகிறீர்கள், சந்தோஷம். திரும்பும்போது பிள்ளைகள் மனதில் என்ன கொண்டுபோகிறார்கள்? அத்தை வீடு, மால், ஜவுளிக்கடை. ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். செய்கிற இடத்துக்குப் போங்கள். "அடுப்படியைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். என்ன பால், எங்கிருந்து, என்றைக்குச் செய்தது என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். க்ரூயேரில் விழுங்கிவிட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே கேளுங்கள். பார்ப்பதற்குக் காசு கேட்டால் கொடுங்கள். நூறு பிராங்கு கொடுத்தவர் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

என்னைப் போல வங்கியில் இருப்பவர்களுக்கு: அடுத்த முறை ஒருவர் கண்ணாடித் தடுப்புக்குக் கடன் கேட்டால் சிரிக்காதீர்கள்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகளையும் கூட்டிக்கொண்டு அந்த அண்ணாச்சியைத் தேடிப்போனேன். கடை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டுச் சாய்ப்பில் அடுப்பு எரிகிறது. இப்போது ஒரு மொத்த வியாபாரிக்குச் செய்து கொடுக்கிறார். டப்பாவும் லேபிளும் அவர்களுடையது, அண்ணாச்சி பெயர் எங்கேயும் இல்லை. என்னை அடையாளம் தெரிந்தது.

"இப்ப கண்ணாடிக்குக் கடன் ஏற்பாடு பண்ணலாம் அண்ணாச்சி" என்றேன்.

"இப்ப எதுக்கு சார், கடையே இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

மகள் அரைமணி நேரம் நின்று பார்த்தாள். கரண்டியைக் கேட்டு வாங்கி ஒரு ஐந்து நிமிடம் கிண்டினாள், கை வலிக்கிறது என்று கொடுத்துவிட்டாள். அரைக்கிலோ வாங்கினோம். அண்ணாச்சி காசை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பாலை ஊற்றினார்.

மச்சினரே, அங்கே பார்க்க இருப்பது இதுதான். டிசம்பருக்கு டிக்கெட் போட்டதும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பி.கு: கூட வந்த சைவ நண்பர்கள் இதைப் படித்தால் அந்த மூன்று துண்டுக்கு என்னைத் திட்ட வேண்டாம். எனக்கும் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். :-)